வெள்ளுடை வேந்தர் தியாகராயர்

திருவொற்றியூரை அடுத்துக் காலடிப்பேட்டை என்று ஓர் இடம் இருக்கிறது. யாருடைய காலடியும் பதிந்து அந்தப் பெயர் வரவில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கம்பெனியின் கவர்னராக இருந்த காலெட் என்ற வெள்ளைக்காரர், நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட் பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அதற்குத் தெற்கே வண்ணாரப்பேட்டை. கம்பெனி வாங்கிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடம் அது. நெய்ய ஒரு பேட்டை, வெளுக்க ஒரு பேட்டை, பக்கத்திலேயே கப்பல் ஏற்றக் கடல். மிளகுக்காக வெள்ளைக்காரன் வந்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். சென்னையில் அவன் கோட்டை கட்டியது துணிக்காகத்தான்.

இந்த வட்டாரத்தில் வாழ்ந்து, சென்னை முழுவதும் பெயர் பெற்றவர் பிட்டி தியாகராய செட்டியார். நெசவுத் தொழிலில் ஈடுபட்ட தேவாங்கர் குலத்தில், செல்வக் குடும்பத்தில் 1852 ஏப்ரல் 27ந் தேதி பிறந்தார்.

தறிக்குத் திரும்பிய பட்டதாரி

தியாகராயர் மாநிலக் கல்லூரியில் படித்து பி.ஏ. பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் சர்க்கார் உத்தியோகம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். செட்டியாருக்கு அதில் ஆசை இல்லை. குடும்பத் தொழிலுக்கே திரும்பினார்.

அது நெசவாளிக்குப் பொல்லாத காலம். மான்செஸ்டர் ஆலைத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. பெரம்பூரிலேயே 1870களிலும் 1880களிலும் பெரிய ஆலைகள் எழுந்தன. ஆலைத் துணி விலை மலிவு. கையால் நெய்தவரின் துணி தேங்கியது. தறியை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போன குடும்பங்கள் பல.

தறியைக் கைவிட்டால் போவது பிழைப்பு மட்டும் அல்ல. நெசவாளி கண்ணைவிடக் கையைத்தான் நம்புவார். நூலைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்த்தே அதன் பருமனைச் சொல்லிவிடுவார். பாவுக்குப் போட்ட கஞ்சி அதிகமானால் நூல் முறியும். குறைந்தால் பிசிறு எழும்பும். அளவு சரியா என்பது தடவிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வரும் படிப்பு இது. ஒரு தலைமுறை விட்டுவிட்டால் மறுபடி கிடைப்பது கஷ்டம்.

பறக்கும் நாடா

இந்தக் கையைக் காப்பாற்ற வேண்டும், ஆனால் அது இன்னும் வேகமாக வேலை செய்யவும் வேண்டும். செட்டியார் பிட்டி நெசவாலை என்ற தொழிற்சாலையை நடத்தினார். ஏறக்குறைய 100 கைத்தறிகள் அதில் இருந்தன. அங்கே பறக்கும் நாடாவைப் புகுத்தினார்.

ஊடை நூலைச் சுமந்து பாவுக்குள் குறுக்கே ஓடுவது நாடா. பழைய முறையில் நெசவாளி அதை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிப்பார். ஆகவே கை எட்டும் அகலத்துக்கு மேல் துணி நெய்ய முடியாது. பறக்கும் நாடாவில் ஒரு கயிறு தொங்கும். அதைச் சுண்டி இழுத்தால் நாடா தானே இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஓடும். இன்னொரு கை ஊடையை அடித்து இறுக்கும். வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். ஜான் கே என்ற ஆங்கிலேயர் 1733ல் கண்டுபிடித்த முறை இது. நம் நாட்டில் பரவ இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

நெசவாளர்கள் எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மெல்லிய நூலும் பட்டும் நெய்தவர்கள், இழுத்த வேகத்தில் இழை அறுந்துவிடும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் வீண் பயமும் அல்ல. நடுத்தரமான நூலுக்கும் முரட்டு நூலுக்கும்தான் அது நன்றாகப் பொருந்தியது. அதில் பிழைப்பவர்களே அதிகம். ஆலைக்கு எதிரே அவர்கள் தாக்குப்பிடிக்க அது உதவியது.

கடல் கடந்த கைக்குட்டை

கையால் நெய்த துணியின் அருமை சில சமயம் வாங்குகிறவனுக்குத்தான் அதிகம் தெரியும். சென்னைக் கரையில் ‘மதராஸ் கைக்குட்டை’ என்று கட்டம் போட்ட பருத்தித் துணி நெய்தார்கள். பெயர்தான் கைக்குட்டை. அதை இடுப்பில் சுற்றி உடுத்தினார்கள் மேற்கு ஆப்பிரிக்க மக்கள். நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் அதற்கு இஞ்சிரி என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய பெண்கள் அந்தத் துணியில் சில இழைகளை மட்டும் கத்தியால் அறுத்து உருவி எடுப்பார்கள். மீதி இழைகளில் புதுக் கோலம் ஒன்று தோன்றும். துணி வலை போல மெத்தென்று ஆகிவிடும். பெரியவர்கள் இறந்தால் கிடத்தும் கட்டிலை இத்தகைய துணிகளால் அலங்கரிப்பார்கள். அசல் எது, போலி எது என்று தடவியும் முகர்ந்துமே கண்டுபிடிப்பார்கள். ஆலைக்காரர்கள் அச்சடித்து அனுப்பிய நகல் அவர்களிடம் செல்லவில்லை.

பதவி வேண்டாம்

பொது வாழ்வில் செட்டியார் ஏறக்குறைய 40 ஆண்டுகள் சென்னை நகரசபை அங்கத்தினர். 1909ல் தென்னிந்திய வர்த்தக சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர், அதன் முதல் தலைவரும் அவரே. 1916ல் டாக்டர் டி.எம். நாயர் முதலியவர்களோடு சேர்ந்து, நீதிக்கட்சி என்று பின்னால் பெயர் பெற்ற தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவினார். 1920 தேர்தலில் கட்சி வென்றது. கவர்னர் வில்லிங்டன் பிரபு அவரை மந்திரிசபை அமைக்க அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார்.

நகரசபைத் தலைவர் பொறுப்பை மட்டும் விடவில்லை. அதே 1920ல், ஆயிரம் விளக்கு நகரசபைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட சபை அனுமதி தந்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு.

வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. இதுதான் அவர் உடை. ‘வெள்ளுடை வேந்தர்’ என்ற பெயர் அதனால் வந்தது. வர்ணத் துணியில் நெசவுக் குறையை மறைக்கலாம். வெள்ளையில் ஒரு முடிச்சு விழுந்தாலும், ஓர் இழை விட்டுப்போனாலும் பளிச்சென்று தெரியும். தறிக்காரர் அதை உடுத்திச் சபைக்குப் போனது தற்செயலாக இருக்காது. 1922ல் இங்கிலாந்து இளவரசர் சென்னைக்கு வந்தபோது, தலைவருக்கு உரிய அங்கியை அணிய மறுத்து, தம் வெள்ளுடையிலேயே வரவேற்க அனுமதி பெற்றார் என்று சொல்வார்கள்.

1925ல் அவர் காலமானார். அந்த 1920களில் மாம்பலத்தில் எழுந்த புது நகருக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. தமிழ்நாட்டின் பெரிய ஜவுளிச் சந்தையாக அது பிற்காலத்தில் மாறும் என்று அப்போது யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில், 1950 முதல் அவர் பெயரால் ஒரு கல்லூரி இருக்கிறது. அந்தப் பேட்டையின் எம்.சி. ரோடு முழுவதும் ஜவுளிக் கடைகள். அங்கே பெண்கள் முந்தானையை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்த பிறகே விலை கேட்கிறார்கள்.