சான்ட்ஃபோர்ட் பிளெமிங்

சர் சான்ட்ஃபோர்ட் பிளெமிங் (ஜனவரி 7, 1827 – ஜூலை 22, 1915) ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வாழ்ந்த தொடருந்துப் பொறியாளர் ஆவார். உலகம் முழுவதற்கும் பொதுவான நேர முறை வேண்டும் என்று வாதிட்டவர்களுள் முதன்மையானவர். பசிபிக் பெருங்கடலின் அடியில் தந்திக் கம்பிவடம் அமைக்கப்பட வேண்டும் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டார்.

இளமை

ஸ்காட்லாந்தின் கிர்கால்டி நகரில் பிறந்த இவர், சிறு வயதிலேயே நில அளவைத் தொழிலைப் பயின்றார். 1845இல் தமது தமையனுடன் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். 1849இல் டொராண்டோவில் கனடிய அறிவியல் கழகம் ஒன்றை நிறுவுவதில் பங்கு கொண்டார். 1851இல் வெளியான, நீர்நாய் போன்ற பீவர் என்னும் விலங்கின் உருவம் பொறித்த கனடாவின் முதல் அஞ்சல் தலையை வரைந்தவரும் இவரே.

தொடருந்துப் பணி

கனடாவின் கிழக்கு மாகாணங்களை இணைத்த இன்டர்கொலோனியல் இருப்புப்பாதையின் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றினார். செலவைக் குறைக்க மரப்பாலங்களே போதும் என்று பணியை மேற்பார்வையிட்ட ஆணையர்கள் கருதினர். பிளெமிங் இரும்புப் பாலங்களே வேண்டும் என வற்புறுத்தி, பெரும்பாலும் வென்றார். இப்பாதை 1876இல் நிறைவுற்றது.

1871இல் கனடிய பசிபிக் இருப்புப்பாதைக்கான அளவைப் பணியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர் பரிந்துரைத்த யெல்லோஹெட் கணவாய் வழி பின்னர் கைவிடப்பட்டது. 1880இல் பதவியும் பறிபோனது. எனினும் 1885 நவம்பர் 7 அன்று கடைசி ஆணி அறையப்பட்டபோது எடுக்கப்பட்ட புகழ்பெற்ற ஒளிப்படத்தில் உயர்ந்த தொப்பியும் வெண்தாடியுமாக இவரைக் காணலாம். மலைப்பகுதியில் அப்பாதையை அமைத்த ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் அப்படத்தில் இல்லை.

பொது நேரம்

தொடருந்துக்கு முன்னர் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் உச்சிக்கு வருவதையே நண்பகலாகக் கொண்டது. ஒரு பாகை நெட்டாங்கிற்கு நான்கு நிமிடம் வேறுபடும். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே இவ்வேறுபாடு ஏறத்தாழ 30 நிமிடங்கள் ஆகும். மாட்டு வண்டிப் பயணத்தில் இது பொருட்டன்று. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக இரு வண்டிகள் வரும்போதோ இது உயிர்ப் பிரச்சினை.

1876இல் அயர்லாந்தின் பாண்டோரன் நிலையத்தில் பிளெமிங் வண்டியைத் தவறவிட்டார். கால அட்டவணையில் முற்பகல் 5.35 என்பது பிற்பகல் என அச்சாகியிருந்ததே காரணம். இதனையடுத்து 24 மணிக் கணக்கையும், உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தையும் வலியுறுத்தும் கட்டுரைகளை எழுதினார். புவியை 15 பாகை அகலமுள்ள 24 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராக இட்டார். அவரது முதன்மை நோக்கம் உலகப் பொது நேரமே. வட்டார நேரங்கள் அதற்குத் துணையாக மட்டுமே கருதப்பட்டன. இன்று கணினி வழங்கிகள் நிகழ்வுகளை அனைத்துலகப் பொது நேரத்தில் பதிந்து, பயனருக்குக் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக மாற்றுவதும் ஏறத்தாழ இதே முறைதான்.

பிரித்தானிய அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி இத்திட்டத்தை ஏற்கவில்லை. ஆயினும் வட அமெரிக்க இருப்புப்பாதைகள் 1883 நவம்பர் 18 அன்று வட்டார நேர முறைக்கு மாறின. இம்மாற்றத்தை ஒருங்கிணைத்தவர் வில்லியம் ஆலன் ஆவார். இத்தாலியின் பிலோபந்தியும் அமெரிக்காவின் சார்லஸ் டவுடும் பிளெமிங்குக்கு முன்பே இத்தகைய திட்டங்களை முன்வைத்தவர்கள். ஆகவே பொது நேரத்தைக் கண்டுபிடித்தவர் என்று இவர் ஒருவரை மட்டும் குறிப்பிடுவது பொருந்தாது.

1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகள் கலந்துகொண்ட மாநாட்டில், பிரித்தானியக் குழுவில் கனடாவின் சார்பில் பிளெமிங் இடம்பெற்றார். எந்த நாட்டுக்கும் உரிமையற்றதாகத் தோன்றும் வகையில், கிரீனிச்சுக்கு நேரெதிரே பசிபிக் கடல் வழியே செல்லும் 180 பாகைக் கோட்டையே முதன்மைக் கோடாகக் கொள்ளலாம் என்பது அவரது கருத்து. மாநாடு அதனை ஏற்காமல் 22 வாக்குகளால் கிரீனிச்சைத் தேர்ந்தது. சான் டொமிங்கோ எதிர்த்தது. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. வட்டார நேரங்களை எந்த நாட்டின் மீதும் மாநாடு திணிக்கவில்லை. பிரான்ஸ் 1911இல்தான் கிரீனிச் அடிப்படைக்கு வந்தது. சென்னை நேரத்தைத் தொடருந்துகளுக்குப் பயன்படுத்திவந்த இந்தியாவில், கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முந்திய நேரம் 1906இல் நடைமுறைக்கு வந்தது.

பசிபிக் கம்பிவடம்

ஆசியா வழியாகச் சென்ற தந்தித் தடத்தை நடத்திய ஈஸ்டர்ன் தந்தி நிறுவனம் பசிபிக் வடத்தை எதிர்த்தது. பிளெமிங்கின் வேகம் சில வேளைகளில் வரம்பு மீறியது. 1894இல் ஹவாய் தீவுக்கூட்டத்தின் நெக்கர் தீவைப் பிரித்தானியாவுக்காகக் கைப்பற்ற, அரசின் இசைவின்றி ஓர் ஆளை அனுப்பினார். ஹவாய் அரசு முந்திக்கொண்டதால் அம்முயற்சி தோற்றது.

இறுதியில் பிரித்தானியா, கனடா, ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள், நியூசிலாந்து ஆகியன செலவைப் பகிர்ந்து வடத்தைத் தாமே அமைத்தன. வான்கூவர் தீவிலிருந்து பேனிங் தீவு, பிஜி, நார்போக் தீவு வழியாக ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் அது அடைந்தது. 1902 அக்டோபர் 31 அன்று பணி நிறைவடைந்ததும், ஆளுநர் மின்டோ பிரபுவுக்குக் கிழக்காக ஒன்றும் மேற்காக ஒன்றுமாக உலகைச் சுற்றி இரு தந்திகளை பிளெமிங் அனுப்பினார்.

இறுதிக் காலம்

1880 முதல் இறக்கும்வரை கிங்ஸ்டனில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். 1897இல் சர் பட்டம் பெற்றார். 1908இல் ஹாலிபாக்சில் தமக்குச் சொந்தமான நிலத்தை நகர மக்களுக்குப் பூங்காவாக வழங்கினார். அதே நகரில் 1915இல் காலமானார்.