யார் இந்த முகுல் டே? லண்டனில் கற்ற செப்புத் தகட்டுக் கலையை கங்கைக் கரைக்குக் கொண்டுவந்தவர்!

மறைமலை நகர் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு, உலோகத் தகட்டில் ஆசிட் வைத்து எழுத்துப் பொறிப்பது புதுசில்லை. அதே முறையில் ஓவியம் வரைந்தால் அதுதான் எட்சிங். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் வரைந்து ஆசிடில் போட்டால், கோடு விழுந்த இடம் மட்டும் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம் ரெடி.

18-ம் நூற்றாண்டுக் கடைசியில் இங்கே வந்த டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர்கள், நம்ம மாமல்லபுரத்தைக்கூட இப்படித் தகட்டில் பொறித்து லண்டனில் விற்றார்கள். வரைந்தது அவர்கள், வரையப்பட்டது நாம். இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் முகுல் சந்திர டே.

1895-ல் வங்காளத்தில் பிறந்தவர். சாந்திநிகேதனில் தாகூரின் மாணவர். 1916-ல் தாகூரோடு ஜப்பான் வழியாக அமெரிக்கா போனார். சிகாகோவில் எட்சிங் கற்றார். வெளிநாட்டில் இந்தக் கலையை முறையாகப் படித்த முதல் இந்தியர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகும் அஜந்தா போய் சுவரோவியங்களைப் பிரதி எடுத்துவிட்டு, 1920-ல் லண்டன் கிளம்பினார். பிரிட்டனில் எட்சிங்குக்குச் செம மவுசு இருந்த நேரம் அது. முதல் உலகப் போரைப் பதிவு செய்ய அரசே நியமித்த ஓவியர் மியூர்ஹெட் போன்தான் இவருக்கு குரு!

முகுல் அதிகம் விரும்பியது டிரைபாயின்ட். ஆசிட் கிடையாது, ஊசியால் தகட்டை நேரடியாகக் கீற வேண்டும். ஓரத்தில் எழும் பிசிர் மையைப் பிடிப்பதால் கோடு வெல்வெட் மாதிரி விழும். சிக்கல் என்னன்னா, பிசிர் சீக்கிரம் தேயும். நல்ல பிரதிகள் கொஞ்சம்தான் கிடைக்கும். கங்கைப் படகுகள், சந்தால் பழங்குடிப் பெண்கள், தாகூர், காந்தி என எல்லாம் இந்தக் கோடுகளில் வந்தன.

1928-ல் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியின் நிரந்தர முதல்வரானார். வெள்ளைக்காரர்கள் இருந்த அந்த நாற்காலியில் முதல் இந்தியர். கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி, சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார்.

கோயில் வாசலில் மலிவாக விற்று, மறைந்துகொண்டிருந்த காளிகாட் படங்களையும் முகுல் தேடித்தேடிச் சேர்த்தார். இதை ஏனோ பலரும் பேசுவதில்லை.

1989-ல் மறைந்தார். இவருடைய அச்சுகள் டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்திலும், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.