பல் அழுக்கில் பாக்டீரியாவைப் பார்த்த துணிக்கடைக்காரர்

பள்ளியில் செல் படம் வரைந்தது ஞாபகம் இருக்கா? தாவர செல்லுக்குக் கட்டம், விலங்கு செல்லுக்கு வட்டம், பாக்டீரியாவுக்கு வால் முளைத்த மாத்திரை. இந்த மூன்றையும் 300 வருஷத்துக்கு முன்னாடியே, தானே செய்த லென்ஸ் வழியாக ஒரே ஆள் பார்த்துவிட்டார். அவர் விஞ்ஞானி இல்லை, கல்லூரிப் பக்கமே போகாதவர்.

ஆன்டனி வான் லீவன்ஹூக் 1632இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், கூடை முடைபவரின் மகனாகப் பிறந்தார். 16 வயதில் ஆம்ஸ்டர்டாம் துணிக்கடையில் தொழில் பழகி, ஊர் திரும்பிச் சொந்தமாகக் கடை போட்டார். துணியின் இழையைச் சோதிக்க வியாபாரிகள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். லென்ஸ் மோகம் அங்கேதான் தொற்றியிருக்க வேண்டும். 1660இல் நகர நிர்வாகத்தில் ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் நிச்சயம், நேரமும் மிச்சம்.

அவருடைய நுண்ணோக்கி உள்ளங்கையில் அடங்கிவிடும். இரண்டு உலோகத் தகடு, நடுவில் பட்டாணியைவிடச் சின்னதாக ஒரே ஒரு லென்ஸ், பொருளைக் குத்தி வைக்க ஓர் ஊசி. கண்ணோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். இன்றும் மிஞ்சியிருப்பவற்றில் சக்தி வாய்ந்தது சுமார் 270 மடங்கு பெரிதாக்கும்.

இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1665லேயே தக்கையைச் சீவிப் பார்த்து, அதிலிருந்த குட்டி அறைகளுக்கு ‘செல்’ என்று பேர் வைத்திருந்தார். ஆனால் அவர் பார்த்தது செத்துப்போன செல்களின் சுவர் மட்டுமே, உள்ளே காலி. தாவர செல்லைச் சுற்றி உறுதியான சுவர் உண்டு, விலங்கு செல்லுக்குக் கிடையாது. லீவன்ஹூக்கும் தக்கையைச் சீவினார், ஆனால் அதோடு நிற்கவில்லை. ரத்தத்தைப் பார்த்தார். மீன் ரத்த அணுக்களின் நடுவே ஒரு புள்ளி தெரிந்தது. அதுதான் உட்கரு. நம்முடைய சிவப்பணு முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடும், அதனால் மனித ரத்தத்தில் அதைப் பார்த்திருக்கவே முடியாது. புள்ளி என்னவென்று அவருக்கும் தெரியாது. அதற்குப் பேர் வைக்க 1831இல் ராபர்ட் பிரவுன் வர வேண்டியிருந்தது.

பெரிய வெடி 1676இல். மிளகு ஏன் காரமாக இருக்கிறது, அதில் முள் ஏதாவது இருக்குமோ என்று மிளகைத் தண்ணீரில் ஊறவைத்தார். முள் இல்லை. தண்ணீரில் நம்ப முடியாத அளவு சின்ன உயிர்கள் நெளிந்தன. டச்சு மொழி மட்டுமே தெரிந்த அவர், லண்டன் ராயல் சொசைட்டிக்கு நீளமாகக் கடிதம் எழுதினார். அங்கே பலர் நம்பவில்லை. ஊர்ப் பெரியவர்கள் 8 பேரைக் கூப்பிட்டுக் காட்டி, சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார் மனுஷன்! கடைசியில் 1677இல் ஹூக்கே அதைச் செய்து பார்த்து உண்மை என்று காட்டினார். 1680இல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1683இல் தன் பல் இடுக்கு அழுக்கைச் சுரண்டிப் பார்த்தார். அங்கேயும் கூட்டம் கூட்டமாக பாக்டீரியா.

வடிவத்தையும் அசைவையும் பார்த்தவர் உள்ளே எட்டிப் பார்க்க முடியவில்லை. பாக்டீரியாவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. டிஎன்ஏ உறையின்றித் திறந்தே கிடக்கும். சுவர் உண்டு, ஆனால் தாவரச் சுவரின் சரக்கு வேறு, இதன் சரக்கு வேறு. இவ்வளவும் தெளிவாகத் தெரிய 20ஆம் நூற்றாண்டின் எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்பட்டது.

இதில் அவர் பங்குக்கு ஒரு குறையும் உண்டு. வந்தவர்களுக்குச் சுமாரான கருவிகளைத்தான் காட்டினார். மிகச் சிறந்த லென்ஸை எப்படிச் செய்தார் என்பதை யாருக்கும் சொல்லவில்லை, சீடர்களையும் சேர்க்கவில்லை. 1723இல், 90 வயதில் இறந்தபோது ரகசியமும் கூடவே போனது. சொசைட்டிக்கு அவர் விட்டுச்சென்ற 26 நுண்ணோக்கிகளும் 19ஆம் நூற்றாண்டில் காணாமல் போயின.

2021இல் டச்சு ஆய்வாளர்கள், எஞ்சிய கருவிகளைப் பிரிக்காமல் நியூட்ரான் கற்றையால் ஊடுருவிப் பார்த்தார்கள். அந்த 270 மடங்கு கருவிக்குள் இருந்தது குட்டிக் கண்ணாடி உருண்டை. கண்ணாடி இழையைத் தீயில் உருக்கினால் நுனியில் திரளுமே, அந்த மாதிரி. அந்தச் செய்முறையை ஹூக் தன் புத்தகத்தில் எல்லாருக்கும் தெரிய எழுதி வைத்திருந்தார்.