அம்மைத் தழும்போடு ஆண்ட மன்னர்

காப்பார் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டிகள் பலருடைய மேற்கையில் சிறிய வட்ட வடு ஒன்று இருக்கும். கேட்டால், சிறு வயதில் அம்மை குத்திய இடம் என்பார்கள். அவர்களுக்கும் முந்திய தலைமுறையினர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் அழைக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியதும் அவர்கள் தனிமைப்படுத்தும் முகாமில் தங்கவைக்கப்பட்டனர். அம்மை குத்திய பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். உங்கள் கையிலும் ஒரு வடு இருக்கலாம். ஆனால், அது காசநோயைத் தடுப்பதற்காகப் பிறந்தவுடன் போடப்பட்ட பிசிஜி ஊசியின் அடையாளம். தாத்தாவின் வடு வேறு. உங்கள் வடு வேறு.

தாத்தாவின் கையில் உள்ள வடு, பெரியம்மை வராமல் காத்த வடு. அம்மை குத்தும் முறை பரவுவதற்கு முன்னர் மக்களின் உடலில் இருந்தவையோ அந்த நோயே விட்டுச் சென்ற தழும்புகள். முகம் நிறைய அத்தகைய தழும்புகளோடும் பார்வையிழந்த ஒரு கண்ணோடும் நாற்பது ஆண்டுகள் பஞ்சாபை ஆண்டவர் மகாராஜா ரஞ்சித் சிங். நம் நாட்டில் வாழும் சீக்கியர்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூரும் பெயர் அது.

ரஞ்சித் சிங் 1780ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் பிறந்தார். இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரான்வாலா அவருடைய குடும்பத்தின் ஊர். தந்தையார் மகா சிங், அவ்வட்டாரத்துச் சீக்கியப் படைக்குழு ஒன்றின் தலைவர். பிறந்தபோது குழந்தைக்கு வைத்த பெயர் புத் சிங். போரில் தாம் பெற்ற வெற்றியின் நினைவாகத் தந்தையார்தாம் ரஞ்சித் என்று மாற்றினார். அப்பெயருக்குப் போரில் வென்றவன் என்பது பொருள்.

பெயரைப் போலவே முகமும் விரைவில் மாறியது. குழந்தைப் பருவத்திலேயே அவரைப் பெரியம்மை தாக்கியது. பெரியம்மை ஒரு நச்சுயிரியால் வரும் நோய். முதலில் கடுங்காய்ச்சலும் உடல்வலியும் வரும். சில நாள்களில் முகம், கை, கால் எங்கும் கொப்புளங்கள் எழும்பிச் சீழ் கோக்கும். பின்னர் அவை பொருக்காகி உதிரும். எல்லாம் ஏறக்குறைய ஒரு மாதத்திற்குள் முடிந்துவிடும். நோய் கண்டவர்களில் பத்தில் மூவர் மாண்டுபோயினர். மனிதரின் கைக்கு அடங்காத நோய் என்பதால் மக்கள் தெய்வத்திடம் முறையிட்டனர். தமிழர் மாரியம்மனை வேண்டி வாசலில் வேப்பிலை செருகினர். வட இந்தியர் சீதளா தேவியை வணங்கினர்.

ரஞ்சித் சிங் பிழைத்துக்கொண்டார். ஆனால், இடக்கண் பார்வையை இழந்தார். பெரியம்மை எப்படிக் கண்ணைப் பறிக்கிறது? நம் கருவிழியின் முன்புறம் கண்ணாடிபோல் தெளிவான ஒரு படலம் இருக்கிறது. நோயின்போது அதில் புண் உண்டாகலாம். புண் ஆறும் இடத்தில் தழும்பு விழும். தோலில் விழும் தழும்பு அழகைக் கெடுப்பதோடு நின்றுவிடும்; கண்ணில் விழும் தழும்போ ஒளி புகும் வழியையே மூடிவிடும். முகத்துத் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளும் பெரியம்மையால் அழிந்துபோவதால், குழிகள் முகத்தில்தான் ஆழமாக விழுந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருக்கு உதிர்ந்ததும் பெரியம்மை நச்சுயிரி உடலைவிட்டு முற்றாக நீங்கிவிடுகிறது. பிழைத்தவருக்கு மீண்டும் அந்நோய் வருவது மிக அரிது. ஆக, ரஞ்சித் சிங் வாழ்நாளெல்லாம் சுமந்தது நோயை அன்று. நோய் விட்டுச்சென்ற விளைவை. எல்லா நச்சுயிரிகளும் இப்படி நடந்துகொள்வதில்லை. சின்னம்மை நச்சுயிரி நோய் தீர்ந்த பிறகும் நரம்புகளில் பதுங்கியிருந்து, பல ஆண்டுகள் கழித்து அக்கியாக வெளிப்படுவது உண்டு. கோவிட் கண்டு குணமானவர்களில் சிலரும் களைப்பு, மூச்சுத்திணறல் என மாதக்கணக்கில் துன்பப்படுவதை நாம் அறிவோம். காய்ச்சல் விட்டுவிட்டதே, இன்னும் என்ன என்று அவர்களைக் கேட்பது பொருத்தமன்று.

ஒரு கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு சிக்கல்கள் உண்டு. பார்வையிழந்த பக்கத்திலிருந்து வருவது எளிதில் தெரியாது. பொருள்கள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்று கணிப்பதும் கடினம். தலையைத் திருப்பிப் பார்த்தும், பொருளின் அளவு, நிழல், அசைவு ஆகியவற்றைக் கொண்டு தொலைவை ஊகித்தும் அவர்கள் ஈடுசெய்ய வேண்டும். குழந்தைப் பருவத்திலேயே பார்வை போனால் மூளை இதற்கு விரைவில் பழகிக்கொள்ளும். ரஞ்சித் சிங் பத்து வயதிலேயே தந்தையாரோடு போர்க்களம் சென்றார். குதிரையேற்றத்தில் தேர்ந்தவர் என்று பெயரெடுத்தார். குதிரைகள்மீது அவருக்கு இருந்த ஆசைக்கு அளவில்லை. லைலி என்னும் ஒரு குதிரையைப் பெறுவதற்காக அவர் பெரும்பொருளையும் படையையும் செலவிட்டது வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி.

ஏறக்குறைய பன்னிரண்டு வயதில் தந்தையாரை இழந்து தலைவரானார். அதன் பிறகு நடந்தவை வரலாற்று நூல்களில் விரிவாக உள்ளன. 1799இல் லாகூரைக் கைப்பற்றினார். 1801இல் மகாராஜாவாக முடிசூட்டப்பட்டார். தமக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்த சீக்கியக் குழுக்களை ஒன்றிணைத்தார். 1809இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியோடு உடன்படிக்கை செய்து, சட்லெஜ் ஆற்றை எல்லையாக ஏற்றார். முல்தான், காஷ்மீர், பெஷாவர் என ஒவ்வொன்றாக அவர் ஆட்சியின்கீழ் வந்தன. அவருடைய நாணயங்களில் அவர் பெயர் இல்லை. குருநானக்கின் பெயரே இருந்தது. அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் பொன் வேய்ந்தவரும் அவரே.

அவருக்கு முறையான கல்வி கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத குறையைக் கேள்விகளால் ஈடுகட்டினார். 1831இல் அவரைக் கண்ட பிரெஞ்சு இயற்கையியலாளர் விக்டர் ஜாக்மோன், மன்னரின் ஒற்றைக் கண்ணையும் அம்மைத் தழும்புகளையும் குறித்துவிட்டு, அவர் ஓயாமல் கேட்ட கேள்விகளைப் பற்றி வியந்து எழுதினார். இந்தியா, இங்கிலாந்து, ஐரோப்பா, நெப்போலியன், சொர்க்கம், நரகம் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லையாம்.

தழும்புள்ள முகத்தோடு வாழ்பவர் மற்றவர் பார்வையையும் எதிர்கொண்டாக வேண்டும். மன்னரானாலும் அதற்கு விலக்கில்லை. 1838இல் அவரைச் சந்தித்த எமிலி ஈடன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, அவருடைய ஒற்றைக் கண்ணையும் நரைத்த மீசையையும் பார்த்து, கிழட்டு எலி ஒன்றோடு ஒப்பிட்டு எழுதினார். அக்கால ஓவியங்களில் பல, மன்னரின் வலப்பக்கத்தை மட்டும் காட்டுகின்றன. வேறு சில, மூடிய இடக்கண்ணை மறைக்காமல் தீட்டப்பட்டுள்ளன.

அவருடைய வெளியுறவு அமைச்சர் பக்கீர் அசிசுதீன் ஒரு முஸ்லிம். மருத்துவராக அரண்மனைக்குள் வந்து அமைச்சராக உயர்ந்தவர். மன்னருக்கு எந்தக் கண்ணில் பார்வையில்லை என்று ஆங்கிலேய மேலதிகாரி ஒருவர் அவரிடம் வினவினாராம். மன்னர் சூரியனைப் போன்றவர் என்றும், சூரியனுக்கு ஒரே கண்தான் என்றும், அதன் ஒளியில் மற்றக் கண்ணை நிமிர்ந்து பார்க்கும் துணிவு தமக்கு வந்ததே இல்லை என்றும் அசிசுதீன் விடையளித்ததாகக் கூறுவர். சாமர்த்தியமான விடைதான். ஆனாலும், அதில் மன்னரின் கண் மறைக்கப்பட வேண்டிய ஒன்றாகவே இருக்கிறது. மன்னர் சொன்னதாக வழங்கும் இன்னொரு கதையே எனக்குப் பிடித்தது. கடவுள் அழகைப் பங்கிட்டபோது எங்கே போயிருந்தீர்கள் என்று அரசவைப் பெண் ஒருவர் அவரிடம் கேலியாகக் கேட்டாராம். அந்த நேரத்தில் தாம் அரசைத் தேடிப் போயிருந்ததாக மன்னர் சிரித்துக்கொண்டே விடை கூறினாராம்.

நோய் வந்ததால்தான் அவர் உயர்ந்தார் என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. அவருக்கு ஒரு கண் மிஞ்சியிருந்தது. பின்னால் ஒரு படையும் தலைவர் குடும்பமும் இருந்தன. அதே நோயால் இரு கண்களையும் இழந்து, பிறர் கையைப் பற்றியே வாழ்ந்து முடிந்தவர்கள் இந்தியாவில் ஏராளம். பழனியில் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் சிறு வயதில் பெரியம்மையால் பார்வையை முற்றாக இழந்தவரே. நூல்களைக் காதால் கேட்டே கற்றுப் புலவரானார். அவருக்கும் பாடஞ்சொல்ல ஆள் இருந்தது.

மன்னருக்கு இறுதிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு தடுமாறியது. அது பெரியம்மையின் தொடர்ச்சி அன்று, வேறு நோய். பேச முடியாத நாள்களில் அவர் சைகையால் காட்டியதை அசிசுதீன் புரிந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொன்னார். 1839ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் லாகூரில் ரஞ்சித் சிங் காலமானார். அடுத்த பத்தாண்டுகளில் அவருடைய அரசு ஆங்கிலேயர் வசமானது.

அவர் பிறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 1796இல்தான் இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் அம்மை குத்தும் முறையைச் சோதித்துக் காட்டினார். 1802இல் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அம்மை குத்தப்பட்டது. இந்தியாவில் அதுவே முதன்முறை. ரஞ்சித் சிங்கின் கண்ணுக்கு அது காலம் கடந்து வந்தது. அதன் பிறகும் நோயை ஒழிக்க ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் பிடித்தன. இந்தியாவில் 1975இலும் உலகில் 1977இலும் இயற்கையான தொற்று நின்றது. 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை, பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. அதன் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு அம்மை குத்த வேண்டிய தேவை இல்லாமற்போனது. உங்கள் தாத்தா பாட்டியின் கையில் உள்ள அந்த வட்ட வடு உங்கள் பெற்றோரின் கையிலும் இருக்கிறதா என்பது அவர்கள் பிறந்த ஆண்டைப் பொறுத்தது.