ராயக்கோட்டை மலைமீது காமிரா

பங்களூர் மேட்டுப்பூமியிலிருந்து பாராமகாலுக்குள் இறங்கும் வழியைக் காத்து நிற்பது ராயக்கோட்டை. அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 1791-ஆம் வருஷம் திப்பு சுல்தானின் ஆட்களிடமிருந்து மேஜர் கௌடி இக்கோட்டையைக் கைப்பற்றினான். மறு வருஷத்து உடன்படிக்கையால் இது கம்பெனியாருக்கு உரியதாயிற்று. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மீது படையெடுத்த ஜெனரல் ஹாரிஸின் சேனையும் இவ்வழியேதான் மேலேறிச் சென்றது. அதற்குப் பின் சுமார் அறுபது ஆண்டுகள் கழித்து, அதே கம்பெனிச் சேனையின் உத்தியோகஸ்தர் ஒருவர் எதிர்த்திசையில், பங்களூரிலிருந்து கீழ்நோக்கி வந்தார். அவருடைய மாட்டு வண்டிகளில் காகிதமும், மெழுகும், வெள்ளியுப்பும், பெரிய மரப்பெட்டிக் காமிராவும் இருந்தன. அவர் பெயர் காப்டன் லின்னேயஸ் டிரைப்.

டிரைப் 1822 ஏப்ரலில் இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுகத்தில் பிறந்தவர். இருபது பிராயம் நிறையுமுன்பே சென்னைச் சேனையில் சேர்ந்து, 12-வது சுதேசிக் காலாட்படையில் பணிபுரிந்தார். ரஜாவில் சீமைக்குப் போயிருந்த காலத்தில் புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டு, 1853-ல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் அங்கத்தினரானார். திரும்பி வந்ததும் ஹளேபீடு, பேலூர், சிரவணபெளகொளா முதலிய மைசூர் ஸ்தலங்களைப் படம் பிடித்து, 1855-ல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் முதல்தரப் பதக்கம் பெற்றார். அதே வருஷம் கவர்னர்-ஜெனரல் டல்ஹௌஸி பர்மிய அரசரிடம் அனுப்பிய தூதுக் கோஷ்டியுடன் சென்று, 200-க்கு மேற்பட்ட படங்களுடன் திரும்பினார்.

சர்க்காருக்கு இதில் இத்தனை சிரத்தை ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். சென்னைச் சேனையைச் சேர்ந்த மேஜர் ராபர்ட் கில் என்பவர் 1844 முதல் அஜந்தா குகைகளில் தங்கி, அங்குள்ள சித்திரங்களைக் கித்தானில் பிரதி எழுதிக்கொண்டிருந்தார். வேலையோ ஆமை வேகம், செலவோ பெரிது. பட்டபாடும் வீணாயிற்று, சீமையில் கிரிஸ்டல் பாலஸில் வைத்திருந்த அவருடைய பிரதிகளிற் பெரும்பாலானவை 1866 டிசம்பர் தீ விபத்தில் சாம்பலாயின. பழம் கட்டடங்களைப் பதிவு செய்யத் தூரிகையைவிடக் காமிரா விரைவும் மலிவுமானது என்று 1855-லேயே கம்பெனி டைரக்டர்கள் தீர்மானித்தார்கள். கில்லும் பிற்பாடு காமிராவை ஏந்தி அஜந்தா, எல்லோரா குகைகளைப் படமெடுத்தார். சென்னை ராஜதானிக்கு 1856-ல் நியமனம் பெற்றவர் டிரைப்.

1857 டிசம்பரில் பங்களூரை விட்டுக் கிளம்பினார் அவர். அது எப்படிப்பட்ட காலம் என்பதை மறக்கலாகாது. டில்லி வீழ்ந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. லக்னோவில் போர் ஓயவில்லை. ஜான்ஸி ராணி உயிரோடிருந்தாள். வடநாடு தீப்பற்றி எரிகையில், தென்னாட்டில் ஒரு ராணுவ அதிகாரி கோபுரங்களின் முன்னே முக்காலி நாட்டி, வெயில் சாய்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்! ராயக்கோட்டை, சேலம் பக்கங்களைப் பார்த்துக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று 1858 ஏப்ரல் வரை அந்த யாத்திரை நடந்தது. மலைக்கோட்டைகளை அவர் பார்த்த பார்வையில் சிப்பாயின் கண் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். எந்தப் பக்கம் செங்குத்து, எந்தப் பக்கம் ஏறலாம் என்பதெல்லாம் படத்தில் தெளிவாய்த் தெரிகின்றன.

தொழிலின் சிரமம் கொஞ்சமல்ல. மெழுகூட்டிய காகிதத்தில் வெள்ளி உப்புகளை ஏற்றி, காமிராவில் வைத்து, நிமிஷக் கணக்கில் ஒளி படச் செய்யவேண்டும். நம் நாட்டு வெயிலில் மெழுகு இளகும், மருந்து கெடும். அசைகிற பொருள் படத்தில் நில்லாது. ஆகையால் மதுரையின் வீதிகளும் மண்டபங்களும் அவர் படங்களில் பெரும்பாலும் மனித சஞ்சாரமற்றுக் கிடக்கின்றன. வானம் வெறும் வெளுப்பாய் விழுந்துவிடும் என்பதால் மூலப்படத்தின்மீது தூரிகையால் மேகங்களைத் தாமே தீட்டிச் சேர்த்தார். உண்மையை உள்ளபடி காட்டுவதாகப் பெயர் பெற்ற கருவியிலும் கைவேலை இருந்தது! இவ்வேலைகளில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் ஐயாசாமி என்பவர். டிரைப்பின் பெயர் சீமைப் புத்தகங்களில் இருக்கிறது. ஐயாசாமியின் பெயரை நம்மவரில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அந்த யாத்திரையின் சிகரம் தஞ்சை. பெரிய கோயில் விமானத்தின் அதிஷ்டானத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை, துண்டுதுண்டாக 21 படங்கள் எடுத்து, அவற்றை ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். அவ்வெழுத்துக்களை அவரால் வாசிக்க முடியவில்லை. நம்மவர்களும் அக்காலத்தில் அக்கோயிலைக் கட்டியவர் யாரென்று அறியாது, கரிகாலன் என்றும் வேறு யாரோ என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹூல்ஷ் என்ற ஜெர்மானியப் பண்டிதர் 1886-க்குப் பிறகு அவ்வரிகளைப் படித்த பின்னரே ராஜராஜ சோழனின் பெயர் ஐயமற நிலைபெற்றது. படிக்கத் தெரியாதவர் பதிவு செய்தார். படிக்கத் தெரிந்த நாமோ தினமும் அதைச் சுற்றிப் பிரதக்ஷிணம் செய்துகொண்டிருந்தோம்.

மதுரைப் படங்களுக்கு வேறொரு மதிப்பு உண்டு. திருமலை நாயக்கர் மஹாலை நேப்பியர் பிரபு 1866-க்குப் பின் புதுப்பித்தார். அதற்கு முந்திய பாழ்நிலையை இன்று நாம் பார்ப்பது டிரைப்பின் காமிராவால்தான். சென்னை மியூஸியத்தில் அவர் எடுத்த படங்களோ நெஞ்சை உறுத்துவன. கிருஷ்ணா நதிக்கரை அமராவதி ஸ்தூபத்திலிருந்து வால்டர் எலியட் தோண்டி எடுத்த சுண்ணாம்புக்கற் சிற்பங்களை 1858-ல் அவர் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார். அடுத்த வருஷமே அக்கற்கள் லண்டனுக்குக் கப்பலேறின. அங்கே போய்ச் சில வருஷங்கள் கேட்பாரற்றுக் கிடந்து, பின் பெர்குஸன் என்பாரின் கண்ணில் பட்டு, இன்று பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கின்றன. புறப்படுமுன் அவை சென்னையில் எந்நிலையில் இருந்தன என்பதற்கு, கொண்டுபோன சர்க்காரே சம்பளம் கொடுத்து எடுப்பித்த படம் சாட்சியாய் நிற்கிறது.

1858-ல் படத் தொகுதிகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று ராயக்கோட்டையின் பெயரையே தலைப்பில் தாங்கியது. அவ்வருஷம் நவம்பரில் கம்பெனி ராஜ்யம் முடிந்து, மகாராணியின் ராஜ்யம் வந்தது. கலகத்தை அடக்கிய செலவால் பொக்கிஷம் வறண்டது. 1859-ல் சென்னைக்குக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், புகைப்படம் என்பது இன்றைய நிதி நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டார். 1860-ல் அந்த இலாகா மூடப்பட்டது. குடிகளின் பணத்தில் சிக்கனம் பிடித்த டிரெவெல்யனை நாம் முற்றிலும் குறை சொல்ல மாட்டோம். புது வரிகளை எதிர்த்துத் தம் ஆட்சேபத்தைப் பகிரங்கப்படுத்தியதற்காக அதே 1860-ல் அவரே வேலையிழந்து ஊர் திரும்பினார். ஆயினும் பட்டாளங்களுக்குக் கொட்டிக் கொடுத்த ராஜாங்கம், சிக்கனத்தின் கத்தியை முதலில் எங்கே வைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன்பின் டிரைப் காமிராவைத் தொட்டது மிக அரிது. சேனையில் உயர் பதவியடைந்து ஓய்வு பெற்று, பிறந்த ஊரான டெவன்போர்ட்டிலேயே 1902 மார்ச்சில் காலமானார். பத்தாண்டுகள்கூட நிறையாத அவருடைய புகைப்பட வாழ்வின் பலன் இப்போது லண்டனிலும் பிற வெளிநாட்டு நகரங்களிலும் காப்பகங்களில் இருக்கிறது. 2014-லும் 2015-லும் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் அவருடைய படங்களுக்குத் தனிக் கண்காட்சிகள் நடந்தன.

ராயக்கோட்டைக்கு இன்று ரயில் இருக்கிறது. தக்காளிச் சந்தையால் அவ்வூரின் பெயர் பல ஜில்லாக்களில் தெரியும். மலையின்மீது கோட்டைச் சுவர்கள் மிஞ்சியிருக்கின்றன. சந்தை கலைந்த ஒரு மாலை, ஒரு வெள்ளைத் திரை கட்டி, டிரைப்பின் படங்களை ஒளியிட்டுக் காட்டி, விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வதற்கு அதிகச் செலவாகாது. முதலில் அவ்வூர் மலையின் படத்தைக் காட்டட்டும். சபையில் இருப்பவர்கள் எந்தப் பாறை, எந்த வழி என்று தாமே சொல்லுவார்கள்.