இதயத்தில் எழுதப்பட்ட சட்டமும் ஓர் உரோமை வழக்கறிஞரும்

1819ஆம் ஆண்டு. வத்திக்கான் நூலகப் பொறுப்பை ஏற்றிருந்த ஆஞ்செலோ மாய் என்ற குரு, பழைய தோல் சுவடி ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். திருப்பாடல்களுக்குப் புனித அகுஸ்தினார் எழுதிய விளக்கவுரை அதில் இருந்தது. அந்த எழுத்துக்களுக்கு அடியில், சுரண்டி அழிக்கப்பட்ட வேறு எழுத்துக்கள் மங்கலாகத் தெரிந்தன. பல நூற்றாண்டுகளாகக் கிடைக்காமல் போயிருந்த 'குடியரசு' என்ற நூலின் கணிசமான பகுதி அது. எழுதியவர் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே மறைந்துபோன சிசரோ.

யார் இந்த சிசரோ? கிறிஸ்துவை அறியாத ஒருவரை நாம் ஏன் நினைக்க வேண்டும்?

கி.மு. 106ஆம் ஆண்டு, உரோமைக்குத் தென்கிழக்கே உள்ள அர்ப்பினும் என்ற சிற்றூரில் சிசரோ பிறந்தார். வசதியான குடும்பம்தான். ஆனால் அவருடைய முன்னோரில் ஒருவர்கூட உரோமையில் உயர்பதவி வகித்ததில்லை. அவருக்கு இருந்த மூலதனம் நாவன்மையும் கடின உழைப்பும் மட்டுமே. ஏதென்சுக்கும் ரோட்ஸ் தீவுக்கும் சென்று கிரேக்க மெய்யியல் கற்றார். உலகம் முழுவதையும் ஓர் இறை அறிவு ஆள்கிறது, அந்த அறிவின் ஒரு பொறி மனிதரிலும் இருக்கிறது என்று கற்பித்த ஸ்தோயிக்கரின் சிந்தனை அவர் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது.

கி.மு. 70இல் ஒரு வழக்கு அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. சிசிலித் தீவின் ஆளுநராக இருந்த வெர்ரெஸ் கோவில் சிலைகளைக்கூட விட்டுவைக்காத கொள்ளைக்காரர். உரோமைக் குடிமகன் ஒருவரைச் சிலுவையில் அறைந்து கொன்றவர். பணமும் செல்வாக்கும் அவர் பக்கம் இருந்தன. சிசரோ ஏழை எளிய சிசிலி மக்களின் சாட்சியங்களைத் திரட்டி வந்து வாதாடினார். தீர்ப்புக்குக் காத்திராமல் வெர்ரெஸ் நாட்டைவிட்டே ஓடிவிட்டார்.

கி.மு. 63இல் கான்சல் எனப்படும் உச்சப் பதவி சிசரோவைத் தேடி வந்தது. சோதனையும் உடன் வந்தது. கத்திலினா என்பவர் அரசைக் கவிழ்க்கச் செய்த சதியைச் சிசரோ வெளிப்படுத்தினார். பிடிபட்ட ஐந்து பேரை, செனட் சபையின் கருத்தைக் கேட்டபின், முறையான விசாரணையின்றிச் சிறையில் கொல்லச் செய்தார். உரோமைக் குடிமகனை விசாரணையின்றிக் கொல்லக்கூடாது என்பது சட்டம். நாட்டுக்கு ஆபத்து, அவசர நிலை என்று காரணம் சொல்லப்பட்டது. சிசிலியில் ஒரு குடிமகனின் உரிமைக்காக முழங்கிய அதே நாவு, ஏழு ஆண்டுகளுக்குப்பின் தன் செயலுக்கு விலக்குத் தேடியது.

அதன் விலையை அவர் கொடுக்க வேண்டியிருந்தது. கி.மு. 58இல் எதிரிகள் இதையே காரணம் காட்டி அவரை நாடுகடத்தினர். அவரது வீடு இடிக்கப்பட்டது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது, ஆயுத பலமும் பண பலமும் படைத்தவர்களின் கையில் அரசு இருந்தது. அந்த இருண்ட நாட்களில்தான் 'குடியரசு', 'சட்டங்கள்' ஆகிய நூல்களை அவர் எழுதத் தொடங்கினார்.

அவர் சொன்னது இதுதான். உண்மையான சட்டம் என்பது இயற்கையோடு இசைந்த நேரிய அறிவு. அது உரோமைக்கு ஒன்றாகவும் ஏதென்சுக்கு வேறாகவும் இருப்பதில்லை. அதை இயற்றியவர் கடவுள். செனட் சபையோ மக்களோ அதை நீக்க முடியாது. பழங்கால உரோமையில் அரசன் மகன் ஒருவன் லுக்ரேசியா என்ற பெண்ணின் கற்பைச் சூறையாடியபோது, அதைத் தடைசெய்யும் எழுதப்பட்ட சட்டம் இல்லாதிருந்திருக்கலாம்; ஆயினும் அவன் என்றுமுள்ள சட்டத்தை மீறினான் என்கிறார் சிசரோ. அறியாதவர் எழுதித்தரும் நஞ்சு எப்படி மருந்தாகாதோ, அப்படியே மக்களுக்குக் கேடு செய்யும் சட்டமும் சட்டமாகாது என்பது அவர் வாதம்.

கி.மு. 51இல் சிலிசியா மாநிலத்தின் ஆளுநராக அவர் சென்றார். அதன் முக்கிய நகர் தர்சு. சைப்பிரசு தீவும் அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே சாலமி நகர மக்களிடம் 48 விழுக்காடு வட்டி கேட்டு ஒரு கடன்காரர் கொடுமை செய்தார். அவருக்குத் துணைநின்ற குதிரைப்படையைச் சிசரோ திரும்ப அழைத்தார். 12 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்றார். ஆனால் கடனுக்குப் பின்னால் இருந்தவர் புரூட்டஸ் என்ற பெரிய மனிதர் என்று தெரிந்ததும், வழக்கை முடிக்காமலேயே விட்டுவிட்டார். பாதி நீதி செய்தார். மீதிக்குத் துணிவு வரவில்லை.

கி.மு. 45இல் அன்பு மகள் துல்லியா இறந்தார். அடுத்த ஆண்டு சீசர் கொல்லப்பட்டார். அறுபதைக் கடந்த சிசரோ ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம். ஆனால் மார்க் அந்தோணியின் அதிகார வெறியை எதிர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக 14 உரைகள் ஆற்றினார், எழுதினார். கி.மு. 43, டிசம்பர் 7ஆம் நாள் அந்தோணியின் ஆட்கள் அவரைப் பிடித்தனர். தப்பிக்க முயன்றவர், இறுதியில் தாமே கழுத்தை நீட்டினார் என்பர். அவர் தலையும் கைகளும், அவர் பேசிப் பழகிய மேடையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன.

அவர் ஆட்சி செய்த அதே தர்சு நகரில் பின்னர் பவுல் பிறந்தார். திருச்சட்டத்தைப் பெறாத பிற இனத்தாரின் உள்ளத்திலும் சட்டம் எழுதப்பட்டுள்ளது, அவர்கள் மனச்சான்றே அதற்குச் சாட்சி என்று அவர் உரோமையருக்கு எழுதினார். சிசரோவின் ஒரு நூலைப் படித்தபோதுதான் இளைஞர் அகுஸ்தினாரின் உள்ளம் முதன்முறை ஞானத்தின்மீது தாகம் கொண்டது. புனித அம்புரோசியார் சிசரோவின் 'கடமைகள்' நூலைப் பின்பற்றித் தம் குருக்களுக்கு நூல் எழுதினார். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, இயற்கைச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது சிசரோவையும் சான்று காட்டுகிறது.

அன்பர்களே, சிசரோ புனிதர் அல்லர். அந்த ஐந்து பேரைக் கொன்றது சரியே என்று இறுதிவரை வாதாடியவர். பிறருடைய வழக்கில் கடவுளின் சட்டத்தைத் தெளிவாகக் கண்டவருக்குத் தம் வழக்கில் அது மங்கலாகவே தெரிந்தது. நமக்கும் அப்படித்தானே? அண்டை வீட்டாரின் குற்றம் நமக்கு உடனே புரிகிறது. நம் குற்றத்துக்கோ ஓர் அவசர நிலை, ஒரு பெரிய மனிதர், ஒரு காரணம் எப்போதும் கிடைத்துவிடுகிறது.

அந்தத் தோல் சுவடியைப் போன்றதே நம் இதயமும். நாம் எத்தனை சாக்குகளைச் சொல்லிச் சுரண்டினாலும், கடவுள் எழுதியது அடியில் நிலைத்திருக்கிறது. இன்றிரவு உறங்கப் போகுமுன், நமக்கு நாமே விலக்கு அளித்துக்கொண்ட ஒரு செயலையாவது அந்த எழுத்தின் ஒளியில் வாசித்துப் பார்ப்போம்.