சவலைப் பிள்ளைகளின் மருத்துவர்

நுழையும்முன்

நோய்களின் பெயர்கள் பெரும்பாலும் கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழிகளிலிருந்தோ அவற்றைக் கண்டறிந்த அறிஞர்களின் பெயர்களிலிருந்தோ அமையும். அறிவியல் பாடத்தில் நாம் பயின்ற குவாஷியார்கர் என்னும் பெயரோ ஆப்பிரிக்கத் தாய்மார்களின் பேச்சிலிருந்து பிறந்தது. அப்பெயரைச் செவிமடுத்து மருத்துவ உலகிற்கு எடுத்துச் சென்றவர் ஒரு பெண் மருத்துவர். குழந்தையின் முதல் உணவாகிய தாய்ப்பாலுக்காக வாழ்நாள் முழுவதும் குரல்கொடுத்த சிசிலி வில்லியம்ஸின் வாழ்க்கையை இப்பாடத்தின்வழி அறிவோம்.

தமிழில் சவலை என்றொரு சொல் உண்டு. தாய் மீண்டும் கருவுற்றதனால் பால்குடி மறக்கடிக்கப்பட்டு, உடல் மெலிந்து ஏங்கி நிற்கும் குழந்தையைச் சவலைப் பிள்ளை என்பர். தாயின் மடியில் இடம் இழந்த பிள்ளை உடல்நலத்தையும் இழக்கிறது என்னும் உண்மையை நம் முன்னோர் கண்டறிந்து அதற்கு ஒரு சொல்லையும் படைத்திருந்தனர். இதே உண்மையை உணர்த்தும் சொல்லொன்று மேற்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் கா என்னும் மொழியிலும் இருந்தது. அச்சொல்லே குவாஷியார்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் தன் இடத்தை இழக்கும் மூத்த குழந்தையைப் பற்றும் நோய் என்பது அதன் பொருள். தாய்மார் அறிந்திருந்த அவ்வுண்மையை மருத்துவர்கள் அறியும்படி செய்தவரே சிசிலி வில்லியம்ஸ்.

இளமையும் கல்வியும்

சிசிலி டெல்பின் வில்லியம்ஸ் 1893ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள், கரீபியன் தீவுகளுள் ஒன்றான ஜமைக்காவில் பிறந்தார். அக்காலத்தில் அத்தீவு ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்தது. அவருடைய தந்தை அங்குக் கல்வித்துறை இயக்குநராகப் பணியாற்றினார். பதின்மூன்றாம் அகவையில் கல்விக்காக இங்கிலாந்து சென்ற சிசிலிக்குப் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஆயினும், பெற்றோருக்குத் துணையாக இருக்கவேண்டிய சூழலால் அவர் ஜமைக்காவுக்கே திரும்பினார். தந்தையின் மறைவுக்குப் பின்னரே மீண்டும் ஆக்ஸ்ஃபோர்டு சென்று மருத்துவம் பயிலத் தொடங்கினார்.

அது முதல் உலகப்போர் நிகழ்ந்த காலம். ஆண் மாணவர்கள் போர்முனைக்குச் சென்றிருந்ததால் மருத்துவ வகுப்புகளின் கதவுகள் பெண்களுக்குச் சற்றே திறந்திருந்தன. சிசிலி 1923இல் மருத்துவராகத் தகுதி பெற்றார். அதற்குள் போர் முடிந்து ஆண்கள் திரும்பிவிட்டமையால் பெண் மருத்துவர்களுக்குப் பணி கிடைப்பது அரிதாயிற்று. இலண்டனில் ஹாக்னி பகுதியிலிருந்த குழந்தைகள் மருத்துவமனையில் பணிபுரிந்தபோது, குழந்தை மருத்துவமே தம் வழி என அவர் முடிவு செய்தார். குழந்தையின் நோயை அறிய அதன் வீட்டையும் அறிந்தாக வேண்டும் என்னும் தெளிவை அம்மருத்துவமனையில்தான் அவர் பெற்றார்.

தாய்மார் சொன்ன பெயர்

1929ஆம் ஆண்டு, ஆங்கிலேய அரசின் குடியேற்ற நாட்டு மருத்துவப் பணியில் சேர்ந்து கோல்டு கோஸ்ட் சென்றார். இன்று கானா என வழங்கும் நாடே அது. பெண் என்பதனால் ஆண் மருத்துவர்களைவிடக் குறைந்த ஊதியமே அவருக்குக் கிடைத்தது. தலைநகராகிய அக்ராவில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய அவரிடம் நாள்தோறும் எண்ணற்ற தாய்மார் குழந்தைகளுடன் வந்தனர்.

அவர்களுள் ஒருவகைக் குழந்தைகள் அவர் கருத்தை ஈர்த்தனர். பெரும்பாலும் ஓர் அகவை முதல் நான்கு அகவை வரையுள்ள அக்குழந்தைகளின் கைகால்கள் வீங்கியிருந்தன. கருமையான முடி செம்பட்டையாக மாறியிருந்தது. தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. அக்குழந்தைகள் விளையாடவில்லை, உண்ணவும் மறுத்தன. வீக்கத்தால் பருத்துத் தோன்றினாலும் உள்ளே உடல் நலிந்துகொண்டிருந்தது. மருத்துவம் செய்யாவிடில் அவற்றுள் பெரும்பாலானவை இறந்தன. சிசிலி கற்ற நூல்களில் இந்நோய்க்கு விளக்கம் இல்லை.

நூல்களில் கிடைக்காத விடையை அவர் தாய்மாரிடம் தேடினார். இந்நோயை உங்கள் மொழியில் எவ்வாறு அழைக்கிறீர்கள் என வினவினார். அவர்கள் கூறிய பெயரே நோயின் காரணத்தையும் காட்டிக்கொடுத்தது. மூத்த குழந்தை தாய்ப்பால் உண்ணும்வரை நலமாக இருந்தது. தம்பியோ தங்கையோ பிறந்ததும் பால் நிறுத்தப்பட்டது. அதன்பின் அக்குழந்தைக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சி மட்டுமே. வயிற்றை நிரப்பிய அக்கஞ்சியால் வளரும் உடலுக்கு வேண்டிய சத்துகளைத் தர இயலவில்லை. உடல் தானே உருவாக்கிக்கொள்ள முடியாத லைசின், டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலங்கள் மக்காச்சோளத்தில் குறைவு என்பதை இன்று நாம் அறிவோம்.

இறந்த குழந்தைகளின் உடல்களைச் சிசிலி தாமே ஆய்வு செய்து, கல்லீரலில் கொழுப்பு மிகுந்திருப்பதைக் கண்டார். 1933இல் தம் ஆய்வைக் கட்டுரையாக வெளியிட்டார். இது பழைய பெலாக்ரா நோயே அன்றிப் புதியதன்று என வெப்பமண்டல மருத்துவத்தில் பெயர்பெற்ற அறிஞர் ஒருவர் மறுத்தார். பெலாக்ராவில் வெயில் படும் இடங்களிலேயே தோல் மாற்றங்கள் தோன்றும். இக்குழந்தைகளிடம் அவை வேறு இடங்களில் காணப்படுகின்றன என்பதைச் சிசிலி எடுத்துக்காட்டினார். 1935இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியான கட்டுரையில், தாய்மார் வழங்கிய குவாஷியார்கர் என்னும் பெயரையே நோய்க்கு இட்டார். அப்பெயர் இன்றும் உலகெங்கும் நிலைத்திருக்கிறது. இந்நோய்க்குப் புரதக்குறையுடன் வேறு காரணங்களும் உண்டு எனப் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. பால் மறந்த குழந்தைக்குத் தகுந்த உணவு கிடைக்காமையே நோய்க்கு வழிவகுக்கிறது என்னும் அவருடைய அடிப்படைக் கருத்து மாறவில்லை.

நோயைக் குணப்படுத்துவதும் நோய் வராமல் தடுப்பதும் வெவ்வேறு பணிகள் என அக்கால மருத்துவத்துறை பிரித்து வைத்திருந்தது. சிசிலி அப்பிரிவினையை ஏற்கவில்லை. குணமடைந்து வீடு சென்ற குழந்தை, அதே கஞ்சியை உண்டு மீண்டும் நோயுறுவதை அவர் கண்டிருந்தார். எனவே, செவிலியரை வீடுகளுக்கு அனுப்பினார். வீட்டில் உள்ள பொருள்களைக்கொண்டே குழந்தைக்கு நல்லுணவு ஆக்கும் முறையைத் தாய்மாருக்குக் கற்பிக்கச் செய்தார்.

தெரிந்து தெளிவோம்

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் ஊட்டத் தொடங்க வேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் நோய் எதிர்ப்பாற்றல் மிக்கது. அதனைப் பீய்ச்சிக் கொட்டிவிடுதல் கூடாது. முதல் ஆறு திங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் தேவையில்லை. ஆறு திங்கள் நிறைந்ததும் நன்கு மசித்த சோறு, பருப்பு, கீரை, பழம், முட்டை முதலிய இணை உணவுகளைப் படிப்படியாகத் தொடங்க வேண்டும். அவற்றுடன் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ தாய்ப்பாலைத் தொடரலாம். நலமாக வளரும் குழந்தையின் எடை ஏறத்தாழ ஐந்தாம் திங்களில் பிறந்தபோது இருந்ததைப்போல் இருமடங்காகவும், ஓராண்டு நிறைவில் மும்மடங்காகவும் பெருகும். இவ்வளர்ச்சிப் படிகளைப் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களிலும் காணலாம். ஐந்தாம் திங்களில் தலைநிமிர்த்தி அசைவது செங்கீரைப் பருவம். ஒன்பதாம் திங்களில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணிப் பருவம்.

பாலும் கொலையும்

1936ஆம் ஆண்டு சிசிலி மலாயாவுக்கு மாற்றப்பட்டார். மலாய், சீன, தமிழ் மக்கள் கலந்து வாழ்ந்த அந்நிலத்தில் அவர் கண்டது வேறொரு துயரம். ஆப்பிரிக்காவில் அடுத்த குழந்தையின் வரவால் தாய்ப்பாலை இழந்த பிள்ளைகளை அவர் கண்டார்; இங்கோ வணிக விளம்பரத்தால் பிறந்த குழந்தைகளே தாய்ப்பாலை இழந்துகொண்டிருந்தன.

டின்களில் அடைத்த இனிப்புக் கெட்டிப்பால் அங்குக் குழந்தை உணவாக விற்கப்பட்டது. செவிலியர்போல் உடையணிந்த விற்பனைப் பெண்கள் பிள்ளை பெற்ற வீடுகளுக்கே சென்று, தாய்ப்பாலைவிட அதுவே சிறந்தது என நம்பவைத்தனர். அப்பாலில் சர்க்கரை மிகுதி. குழந்தைக்கு வேண்டிய பிற சத்துகள் குறைவு. கொழுப்பு நீக்கிய பாலில் செய்த கெட்டிப்பாலில் வைட்டமின் ஏ இல்லாமையால் குழந்தைகளின் கண்பார்வை பறிபோகும் இடரும் இருந்தது. விலை மிகுதி என்பதால் ஏழைத் தாய்மார் ஒரு டின் பாலைப் பல நாள்களுக்கு நீர் கலந்து நீட்டித்தனர். தூய்மையற்ற நீரும் சரியாகக் கழுவாத புட்டியும் வயிற்றுப்போக்கை வரவழைத்தன. குழந்தை சுவைக்கச் சுவைக்கவே தாய்ப்பால் சுரக்கும். புட்டிப்பாலுக்குப் பழகிய குழந்தை தாயிடம் சுவைப்பதைக் குறைக்க, அங்கும் பால் வற்றியது. பிறகு கெட்டிப்பாலைத் தவிர வேறு வழியில்லை என்னும் நிலை உருவாயிற்று.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் உரையாற்றச் சிசிலி அழைக்கப்பட்டார். செல்வரும் வணிகரும் நிறைந்த அவ்வவையில் அவர் தம் உரைக்கு இட்ட தலைப்பு, பாலும் கொலையும் என்பது. பொருந்தாத உணவைக் குழந்தைக்கு ஊட்டும்படி தவறான பரப்புரை செய்வோர், அறியாமையால் செய்தாலும் அறிந்தே செய்தாலும், அக்குழந்தைகளின் சாவுக்குப் பொறுப்பாளிகள் என்றும், அச்செயலைக் கொலையாகவே கருதவேண்டும் என்றும் அவர் அஞ்சாமல் உரைத்தார். அவர் தாய்மாரைக் குறைகூறவில்லை. வெண்ணிற உடையை நம்பி ஏமாந்த அவர்கள்மீது அவருக்கு இரக்கமே இருந்தது. அந்நம்பிக்கையை விலைபொருளாக்கியவர்கள்மீதே அவருடைய சினம் பாய்ந்தது.

சிறைமுகாமில் ஓர் ஆய்வு

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படைகள் மலாயாவைக் கைப்பற்றின. மலாயாவின் கிழக்குக் கரையிலுள்ள திரங்கானுவில் பணியாற்றிய சிசிலி, காட்டுவழியே பெரும் இடர்ப்பட்டுச் சிங்கப்பூர் வந்தடைந்தார். 1942இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அவர் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்த பெண்கள் முகாமின் தலைவராகவும் ஒரு காலக்கட்டத்தில் பொறுப்பேற்றார். 1943இல் ஜப்பானிய இராணுவக் காவலர் அவரை விசாரணைக்கெனக் கொண்டுசென்று, நெருக்கடி மிகுந்த கூண்டொன்றில் சில திங்கள் அடைத்துவைத்தனர். வயிற்றுக்கடுப்பும், தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோயும் அவர் உடலை வாட்டின.

அத்தகைய சிறையிலும் குழந்தைகள் பிறந்தன. அவற்றுக்கு டின் பாலும் இல்லை, புட்டியும் இல்லை. அரைவயிற்று உணவே உண்ட தாய்மார் தம் குழந்தைகளுக்குப் பாலூட்டினர். முகாமில் பிறந்தவை இருபது குழந்தைகள். தாய்ப்பால் உண்டவை இருபது. உயிர்பிழைத்தவையும் இருபது எனப் பின்னாளில் சிசிலி எடுத்துரைத்தார். ரோட்டரி சங்க மேடையில் அவர் முன்வைத்த கருத்துக்கு இச்சிறைமுகாம் சான்றாயிற்று.

உலக அரங்கில்

போர் முடிந்து விடுதலை பெற்ற சிசிலியின் பணி உலக அளவில் விரிந்தது. 1948இல் தொடங்கப்பட்ட உலக நலவாழ்வு நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு அவர் முதல் தலைவரானார். புதுதில்லியிலிருந்து இயங்கிய அந்நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய மண்டலத்திலும் பணியாற்றினார். 1950இல் ஆப்பிரிக்காவின் பத்து நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வு, குவாஷியார்கர் அக்கண்டத்தில் பரவலாக உள்ள கொடிய ஊட்டக்குறை நோய் என உறுதிப்படுத்தியது. முன்னர் மறுக்கப்பட்ட அவருடைய கண்டுபிடிப்பு உலக அறிவாயிற்று. பின்னர் பெய்ரூட்டிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். முதுமையிலும் பல நாடுகளுக்குச் சென்று இளம் மருத்துவர்களுக்குக் கற்பித்தார்.

சிங்கப்பூரில் அவர் தனித்து எழுப்பிய குரல், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் உலகின் குரலாயிற்று. 1981ஆம் ஆண்டு உலக நலவாழ்வுப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனைக்கு நெறிமுறைகளை வகுத்தது. அப்போது சிசிலிக்கு அகவை எண்பத்தேழு. 1992ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தம் தொண்ணூற்றெட்டாம் அகவையில் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் மறைந்தார். அதே ஆண்டின் இறுதியில் இந்தியாவும் குழந்தைப் பால் மாற்றுப்பொருள்கள் பற்றிய சட்டத்தை இயற்றியது. பால்மாவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் செய்தலையும், தாய்மாருக்கு இலவச மாதிரிகள் வழங்குதலையும், பால்மாவு டின்களில் குழந்தைப் படம் பொறித்தலையும் அச்சட்டம் தடை செய்கிறது.

நோய் காரணமாகவோ வேறு நிலைகளாலோ பாலூட்ட இயலாத தாய்மாரும் உண்டு. அவர்களுக்கு மருத்துவரின் வழிகாட்டுதல் துணைநிற்கும். பணிக்குச் செல்லும் தாய்க்குப் பாலூட்ட நேரமும் இடமும் அளித்தல், கருவுற்றவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் நல்லுணவு கிடைக்கச் செய்தல், அடுத்த மகப்பேற்றுக்குப் போதிய இடைவெளி விடுதல் ஆகியவை குடும்பமும் சமூகமும் சேர்ந்து ஏற்கவேண்டிய கடமைகளாகும். ஒரு குழந்தை சவலையாவது அதன் தாயின் குற்றமன்று. அத்தாய்க்குத் துணைநிற்கத் தவறியவர்களின் குற்றமே ஆகும். சிசிலி வில்லியம்ஸின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் குழந்தை வளர்ப்பு தொடர்பாக வழங்கும் சொற்களை மூத்தோரிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றின் பொருளை எழுதுக.

2. அருகிலுள்ள அங்கன்வாடி மையத்திற்குச் சென்று, ஆறு திங்கள் நிறைந்த குழந்தைகளுக்கு வழங்கப்படும் இணை உணவு பற்றிய குறிப்புகளைத் திரட்டி வகுப்பறையில் பகிர்க.

3. விளம்பரங்களும் உணவுப் பழக்கமும் என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.